இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள், கதவுகள்: பழுதும் திருத்தமும்

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்பது, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றையோ ஆர்கான் வளிமத்தையோ அடைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் மூடிய தொகுதியைச் சட்டத்தில் பொருத்திச் செய்யப்படும் ஜன்னல் ஆகும். பேச்சுவழக்கில் இது 'டபுள் கிளேசிங்' எனப்படுகிறது. குளிர்நாடுகளில் வீட்டின் வெப்பம் வெளியேறுவதைக் குறைக்க இது பயன்படுகிறது. பிரித்தானியாவின் பெரும்பாலான வீடுகளில் இன்று இவ்வகை ஜன்னல்களே உள்ளன. அவற்றில் மிகுதியானவை யுபிவிசி என்னும் விறைப்பான பிளாஸ்டிக்கால் ஆன சட்டம் கொண்டவை. இக்கட்டுரை அத்தகைய ஜன்னல்களிலும் கதவுகளிலும் அடிக்கடி ஏற்படும் பழுதுகளையும், அவற்றுள் வீட்டார் தாமே சரிசெய்யக்கூடியவற்றையும் விளக்குகிறது.

சட்டம், கண்ணாடித் தொகுதி, கீல், பூட்டு, ரப்பர் பட்டை ஆகியவை தனித்தனிப் பாகங்கள். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். கண்ணாடி மங்கிவிட்டது என்பதற்காகவோ கதவு பூட்டவில்லை என்பதற்காகவோ சட்டத்தோடு முழுவதையும் பெயர்த்தெடுக்க வேண்டிய தேவை அரிதாகவே ஏற்படும். எந்தப் பாகம் கெட்டது என்று கண்டறியாமல் முழு ஜன்னலுக்கும் விலை கேட்பதுதான் வீண்செலவுக்கு முதற்காரணம்.

அமைப்பு

இரு கண்ணாடிகளை இணைத்து ஒரே தொகுதியாக்கும் முறைக்கு 1865-இல் அமெரிக்காவில் தாமஸ் ஸ்டெட்சன் காப்புரிமை பெற்றார். ஆயினும் இது சாதாரண வீடுகளுக்கு வந்து சேர ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின.

இன்றைய தொகுதி ஒன்றின் மொத்தத் தடிப்பு பொதுவாக 28 மி.மீ. ஆகும்: 4 மி.மீ. கண்ணாடி, 20 மி.மீ. இடைவெளி, மீண்டும் 4 மி.மீ. கண்ணாடி. பழைய ஜன்னல்களில் 20 அல்லது 24 மி.மீ. தொகுதிகளும் உண்டு. கண்ணாடிகளைப் பிரித்து நிறுத்துவது ஓரத்தைச் சுற்றி ஓடும் உள்ளீடற்ற இடைப்பட்டை. அதன் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிறுமணிகள் நிரப்பப்பட்டிருக்கும். மாத்திரைப் புட்டிக்குள் போடப்படும் சிறு பொட்டலத்தின் வேலையையே இவையும் செய்கின்றன. இடைப்பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே பியூட்டைல் பசையும், அதற்கு வெளியே பாலிசல்பைடு போன்ற கெட்டியான பசையும் சேர்ந்து ஓர அடைப்பாக அமைகின்றன.

இத்தொகுதி சட்டத்தின்மீது நேரடியாக உட்காருவதில்லை. சிறிய பிளாஸ்டிக் ஆப்புகளின்மேல் நிற்கிறது. சுற்றிலும் பீடிங் எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. கண்ணாடியின் இருபுறமும் ரப்பர் பட்டை ஓடுகிறது. மழைநீர் இந்த ரப்பரைத் தாண்டி ஓரளவு உள்ளே வரும் என்று எதிர்பார்த்தே சட்டம் வடிவமைக்கப்படுகிறது. வந்த நீர் சட்டத்தின் அடியிலுள்ள வடிகால் துளைகள் வழியே வெளியேற வேண்டும். பல பழுதுகளின் வேர் இந்தத் துளைகளில்தான் இருக்கிறது.

கண்ணாடி வியர்த்தல்

கண்ணாடியில் நீர் படிவதே மிகப் பரவலான முறைப்பாடு. நீர் எந்தப் பக்கத்தில் படிகிறது என்பதைப் பொறுத்துக் காரணம் முற்றிலும் மாறும். விரலால் தொட்டுப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

வெளிப்பக்கத்தில் படிந்தால் அது பழுதே அன்று. தெளிவான வானமுள்ள இரவுக்குப் பின் அதிகாலையில் புல்லில் பனி இறங்குவது போலவே கண்ணாடியிலும் இறங்குகிறது. உள்வெப்பம் கசியாததால் வெளிக்கண்ணாடி குளிர்ந்திருக்கிறது என்பதே இதன் பொருள். புதிய ஜன்னல் போட்டவர்கள் இதைக் கண்டு பதறுவதுண்டு. உண்மையில் ஜன்னல் நன்றாக வேலை செய்கிறது. சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில் குளிரூட்டிய அறையின் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்ப்பதும் இதே விதியால்தான்.

அறையின் பக்கம் படிந்தால், அறைக் காற்றில் ஈரம் மிகுந்திருக்கிறது. 20 °செ. வெப்பமும் 60% ஈரப்பதமும் உள்ள அறையில் ஏறத்தாழ 12 °செ.-க்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். வெளியே 0 °செ. இருக்கும்போது ஒற்றைக் கண்ணாடியின் உட்பரப்பு சுமார் 5 °செ. வரை இறங்கிவிடுகிறது, ஆகவே நீர் வழிந்தோடும். பழைய இரட்டைக் கண்ணாடியில் அது 12 அல்லது 13 °செ. அளவில், விளிம்பில் நிற்கிறது. ஆர்கானும் வெப்பம் தடுக்கும் மென்பூச்சும் கொண்ட புதிய தொகுதியில் 16, 17 °செ. வரை இருக்கும். அலுமினிய இடைப்பட்டை வெப்பத்தைக் கடத்துவதால் கண்ணாடியின் ஓரம் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்திருக்கும்; முதல் துளிகள் அடி ஓரத்தில் தோன்றுவது அதனால்தான்.

இதற்கு மருந்து கண்ணாடியில் இல்லை. குளிர்காலத்தில் ஜன்னல்களை இறுக மூடிவிட்டுச் சோறு வடிப்பதும், குழம்பு கொதிக்க விடுவதும், ஈரத்துணியை ரேடியேட்டர்மேல் உலர்த்துவதும் ஒரு நாளில் பல லிட்டர் நீரைக் காற்றில் சேர்க்கும். ஈஸ்ட் ஹாம், ஹாரோ போன்ற இடங்களிலுள்ள தமிழர் வீடுகளுக்கும் இது பொருந்தும். சமைக்கும்போது புகைபோக்கி விசிறியை ஓடவிடுதல், குளித்தபின் குளியலறைக் கதவைச் சாத்தி அதன் ஜன்னலைத் திறத்தல், ஜன்னல் மேற்சட்டத்திலுள்ள காற்றுத் திறப்பை மூடாதிருத்தல் ஆகியவை போதும். கவனிக்காமல் விட்டால் ஜன்னலோரச் சுவரில் கரும்பூஞ்சை பிடிக்கும். அது குழந்தைகளுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கேடு.

இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே, துடைக்க முடியாத இடத்தில் மங்கல் தெரிந்தால் மட்டுமே தொகுதி கெட்டுவிட்டது என்று கொள்ள வேண்டும். ஓர அடைப்பு எங்கோ விட்டுப்போய், ஈரக்காற்று உள்ளே புகுந்து, ஈரமுறிஞ்சும் மணிகள் நிறைந்துவிட்டன. பெரும்பாலும் தொகுதியின் அடி ஓரம் நீண்டகாலம் நீரில் நின்றதே இதற்குக் காரணம். அதாவது வடிகால் துளை அடைபட்டிருக்கும். கண்ணாடியில் துளையிட்டு ஈரத்தை உலர்த்தித் தருவதாகக் கூறும் சேவைகள் உண்டு. மங்கல் குறையலாம், போன ஆர்கான் திரும்பாது, ஓர அடைப்பும் சேராது. புதுத் தொகுதி போடுவதே முறையான தீர்வு. ஆயினும் லேசான மங்கல் அவசரப் பழுது அன்று. சட்டம் நன்றாக இருந்தால் வசதிப்படும்போது மாற்றிக்கொள்ளலாம்.

கண்ணாடித் தொகுதியை மாற்றுதல்

முதலில் இடைப்பட்டையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பல தொகுதிகளில் செய்த நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் தர எண்ணும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் வேலையைத் தொடங்காமல் ஜன்னல் போட்டவரை அழைப்பதே நல்லது. தானே பிரித்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும்.

பீடிங் உள்பக்கம் இருக்கிறதா வெளிப்பக்கமா என்பது அடுத்த கேள்வி. மாடி ஜன்னலில் அது வெளிப்பக்கம் இருந்தால் ஏணியில் நின்று செய்யும் வேலையாகிவிடும். அதைத் தொழிலாளரிடம் விடுவதே அறிவுடைமை. உள்பக்கம் இருந்தால், மிக நீளமான பீடிங்கின் நடுவில் பட்டி பிளேடைச் செருகி மெல்லத் தட்டினால் அது வளைந்து வெளியே வரும். பிறகு மற்றவை எளிதாகக் கழலும். எந்தப் பீடிங் எந்தப் பக்கத்தது என்று பின்புறம் குறித்து வைக்க வேண்டும். கடைசிப் பீடிங் கழலும்போது கண்ணாடி அறைக்குள் சாயும் என்பதால் இன்னொருவர் பிடித்துக்கொள்வது கட்டாயம். 4 மி.மீ. கண்ணாடி இரண்டு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோ எடை வரும்.

கழற்றிய தொகுதியின் அகலம், உயரம், மொத்தத் தடிப்பு ஆகிய மூன்றையும் மி.மீ. கணக்கில் அளந்து புதிதை வரவழைக்கலாம். அளந்தபின் பழையதையே மீண்டும் பொருத்தி வைத்துக் காத்திருக்கலாம். ஆப்புகள் நிற்பதற்காகத் தொகுதி சட்டத்தின் குழிவைவிடச் சில மி.மீ. சிறிதாக இருக்கும். எனவே சட்டத்தை அளந்து அதே அளவில் கண்ணாடி கேட்டால் அது உள்ளே போகாது.

எந்த இடத்துக்கான கண்ணாடி என்பது உயிர்ப்பாதுகாப்பு சார்ந்த செய்தி. இங்கிலாந்தில் தரையிலிருந்து 800 மி.மீ.-க்குக் கீழே வரும் கண்ணாடியும், கதவுகளிலும் கதவை ஒட்டிய 300 மி.மீ. பகுதியிலும் 1500 மி.மீ. உயரம்வரை வரும் கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி கத்திபோல் உடையும். கடினமாக்கிய கண்ணாடி சிறு துண்டுகளாக உதிரும். கடினமாக்கிய கண்ணாடியின் மூலையில் அதற்கான முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் பின்னர் வெட்டவோ குறைக்கவோ முடியாது. அளவு தவறினால் காசு போனதுதான்.

புதுத் தொகுதியை வைக்கும் முன் குழிவைத் துடைத்து, வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் கண்ணாடியை மட்டும் மாற்றினால் அதுவும் நீரில் நின்று சில ஆண்டுகளில் மங்கிவிடும். ஆப்புகளைப் பழைய இடங்களிலேயே வைத்து, 'உள்பக்கம்' என்று ஒட்டியுள்ள முகம் அறையைப் பார்க்குமாறு பொருத்த வேண்டும். மென்பூச்சு எந்தக் கண்ணாடியில் உள்ளது என்று ஐயம் எழுந்தால், தீக்குச்சியைக் கண்ணாடியருகே பிடித்துப் பார்க்கலாம். நான்கு பிம்பங்கள் தெரியும்; நிறம் மாறித் தெரியும் பிம்பமே பூச்சுள்ள பரப்பு. அது வழக்கமாக உட்கண்ணாடியின் இடைவெளிப் பக்கத்தில் இருக்கும். பின்பு குட்டையான பீடிங்குகளை முதலிலும் நீளமானவற்றை அடுத்தும், சோப்பு நீர் தடவி, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்செலுத்தலாம்.

குளிர்காற்றும் ஒழுக்கும்

மூடிய ஜன்னலில் குளிர்காற்று எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய ஊதுபத்தியே போதும். திரைச்சீலைகளை விலக்கிவிட்டு ஓரமெங்கும் மெதுவாக நகர்த்தினால், புகை அலையும் இடம் காட்டிக்கொடுக்கும். ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. காகிதம் தடையின்றி உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை.

ரப்பர் காய்ந்து சுருங்கியிருந்தால், ஒரு சிறு துண்டை வெட்டிக் கடைக்குக் கொண்டுபோய் அதே வடிவத்தில் புதிது வாங்க வேண்டும். வடிவங்கள் பல; கண்ணளவில் வாங்கினால் பொருந்தாது. பதிக்கும்போது ரப்பரை இழுத்துப் பதிக்கக் கூடாது. இழுத்தது பிறகு சுருங்கி மூலைகளில் இடைவெளி விடும். ரப்பர் நன்றாக இருந்தும் அழுந்தாவிட்டால், ஜன்னல் கதவின் ஓரத்திலுள்ள காளான்வடிவப் பூட்டுக்குமிழ்களைப் பார்க்கலாம். பல வகைகளில் அவை மையம் விலகியவை. சிறிது திருப்பினால் கதவு இன்னும் இறுக மூடும்.

மழையில் உள்ளே நீர் வந்தால் பலர் முதலில் எடுப்பது சிலிகான் குழாய். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே விரிசல் இருந்தால் அது சரி. பழைய சிலிகானை முழுதும் சுரண்டிவிட்டே புதிது பூச வேண்டும். ஆனால் வடிகால் துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டால் ஒழுக்கு கூடும். ஜன்னலைத் திறந்து சட்டத்தின் அடிக்குழிவில் ஒரு குவளை நீர் ஊற்றினால், அது சில நொடிகளில் வெளிப்பக்கம் வடிந்துவிட வேண்டும். தேங்கி நின்றால் அடைப்பு அங்கேதான்.

ஜன்னலின் கீலும் கைப்பிடியும்

ஜன்னல் கதவு காற்றில் தானே ஆடினாலோ மூடும்போது ஒரு மூலை வெளியே நின்றாலோ, உராய்வுக் கீல் தேய்ந்திருக்கும். புதுக் கீல் வாங்கும்போது நீளத்தோடு, மடங்கிய நிலையில் அதன் உயரத்தையும் அளக்க வேண்டும். 13 மி.மீ., 17 மி.மீ. என இரு உயரங்கள் பரவலாக உள்ளன. மாற்றிப் போட்டால் ஜன்னல் மூடாது. மேலே கீல் உள்ளதும் பக்கத்தில் கீல் உள்ளதும் வெவ்வேறு வகை. கீலை மாற்றும்போது ஜன்னல் கதவு முழுவதும் கையில் வந்துவிடும் என்பதால், மாடியில் இதைத் தனியாகச் செய்யக் கூடாது.

கைப்பிடி சுற்றியும் ஜன்னல் திறக்கவில்லை என்றால் முதலில் கைப்பிடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் 7 மி.மீ. சதுரத் தண்டு தேய்ந்திருந்தால் கைப்பிடியை மாற்றினாலே போதும். தண்டு நன்றாக இருந்தால் உள்ளேயுள்ள பற்சக்கரப் பெட்டி உடைந்திருக்கிறது; மூடிய நிலையில் அதை எடுப்பது அனுபவம் வேண்டிய வேலை.

கதவு

யுபிவிசி கதவின் பூட்டு மேலே, நடுவே, கீழே எனப் பல இடங்களில் பிடிக்கும். கைப்பிடியை மேலே தூக்கியதும் கொக்கிகள் சட்டத்துக்குள் நுழையும். பிறகு சாவியைத் திருப்ப வேண்டும். 'கைப்பிடியைத் தூக்கவே முடியவில்லை' என்பதுதான் வழக்கமான முறைப்பாடு.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த நிலையில் கைப்பிடியைத் தூக்கிச் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். திறந்த நிலையில் இலகுவாகவும் மூடிய நிலையில் கடினமாகவும் இருந்தால் பூட்டில் குறையில்லை. கதவு இடம் பெயர்ந்திருக்கிறது. திறந்த நிலையிலும் கடினமாக இருந்தால் பூட்டின் நடுப்பெட்டி தேய்ந்திருக்கிறது. முதல் வகைப் பழுதுக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் அதைச் சரிசெய்யாமல் மாதக்கணக்கில் கைப்பிடியை வலிந்து தூக்கிக்கொண்டிருந்தால் அந்த அழுத்தமே நடுப்பெட்டியை உடைத்துவிடும். அது உடைவது பெரும்பாலும் கதவு பூட்டியிருக்கும்போதுதான். அப்போது கதவைத் திறக்கவே ஆள் அழைக்க நேரும்.

கதவு இடம் பெயர்வதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று வெயில். பிளாஸ்டிக் வெப்பத்தில் நன்றாக நீளும். 2 மீட்டர் உயர யுபிவிசி 30 °செ. கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ 4 மி.மீ. நீளும். உள்ளே இரும்பு வைத்த கதவில் இது குறையும். கோடை மாலையில் முரண்டுபிடித்து இரவில் தானே சரியாகும் கதவை அவசரப்பட்டுத் திருக வேண்டியதில்லை. மற்றொன்று கதவின் எடையால் பூட்டுப்பக்கம் தொங்குதல். கீல்கள் திருகத்தக்கவையாயின், மூடியைக் கழற்றி அலன் கீயால் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் மூடிப் பார்த்துச் சரிசெய்யலாம்.

கீலைத் திருகியும் போதாவிட்டால் கண்ணாடியை வைத்தே கதவைத் தூக்க வேண்டும். மரப்படலையில் கீல்பக்க அடிமூலையிலிருந்து பூட்டுப்பக்க மேல்மூலைக்குக் குறுக்குச் சட்டம் அடிப்பார்கள். கதவில் அந்த வேலையைக் கண்ணாடித் தொகுதி செய்கிறது. பீடிங்கைக் கழற்றி, கீல்பக்க அடிமூலையிலும் பூட்டுப்பக்க மேல்மூலையிலும் ஆப்புகளை இறுக்கினால் தொங்கிய பக்கம் மேலெழும். நிறுவியபோதே இதைச் சரியாகச் செய்யாததால் தொங்கும் கதவுகள் ஏராளம்.

நடுப்பெட்டியை மாற்ற வேண்டுமானால் கதவோரப் பட்டையில் பொறித்த பெயரோடு இரண்டு அளவுகள் தேவை: கைப்பிடித் தண்டின் நடுவிலிருந்து சாவித்துளை நடுவரை உள்ள தொலைவு (பிரித்தானியாவில் 92 மி.மீ. மிகப் பரவல்), கதவோரத்திலிருந்து தண்டின் நடுவரை உள்ள தொலைவு (பெரும்பாலும் 35 மி.மீ.).

சாவி போடும் உருளையை மாற்றுவது பத்து நிமிட வேலை. கதவோரத்தில் சாவித்துளைக்கு நேரே உள்ள நீண்ட திருகாணியைக் கழற்றி, சாவியைச் சிறிது திருப்பியபடி இழுத்தால் உருளை வெளியே வரும். திருகாணித் துளையின் நடுவிலிருந்து இருபுறமும் தனித்தனியே அளக்க வேண்டும். இருபுறமும் சமமாக இருக்கும் என்று எண்ணக் கூடாது. பழைய உருளைகள் அந்தத் துளையருகே மெலிந்திருப்பதால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைப் பிடித்து ஒடித்துத் திருடர்கள் நுழைவதுண்டு. ஆகவே உருளை கைப்பிடித் தகட்டைத் தாண்டி 3 மி.மீ.-க்கு மேல் நீளக் கூடாது. டிஎஸ் 007 தரத்தில் மூன்று நட்சத்திரம் பெற்றதை வாங்குவது நல்லது. உள்பக்கம் சாவிக்குப் பதில் திருகு குமிழ் உள்ள வகையைத் தேர்ந்தால், தீ விபத்தின்போது இருட்டில் சாவியைத் தேடி நிற்க நேராது. ஆனால் கைக்கெட்டும் தொலைவில் உடைக்கத்தக்க கண்ணாடியோ கடிதத் துளையோ இருந்தால் அந்தக் குமிழ் திருடனுக்கும் உதவும்.

உருளைக்குள் எண்ணெய் விட்டால் அழுக்கு சேர்ந்து இறுகும். கிராஃபைட் தூள் ஏற்றது. கொக்கிகளுக்கும் கீல்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மெல்லிய எண்ணெய் போதும்.

கட்டட விதிகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2002 ஏப்ரல் 1 முதல், ஜன்னலைச் சட்டத்தோடு மாற்றினால் அது கட்டட விதிகளுக்கு உட்பட்டது. ஃபென்சா போன்ற அமைப்பில் பதிவுபெற்றவர் செய்து சான்றிதழ் தர வேண்டும். அல்லது உள்ளூராட்சிக் கட்டடப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கும் தாள்களில் இதுவும் ஒன்று. கண்ணாடித் தொகுதி, கீல், பூட்டு ஆகியவற்றை மட்டும் மாற்றுவதற்கு இச்சான்றிதழ் தேவையில்லை.

தீயின்போது தப்பிச் செல்வதற்கென அமைந்த ஜன்னல்களில் திறக்கும் வெளி 0.33 சதுர மீட்டருக்குக் குறையாமலும், அகலமும் உயரமும் 450 மி.மீ.-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். இவற்றின் கீல் ஜன்னல் கதவை ஒருபுறம் ஒதுக்கி முழுதும் திறக்கவிடும் தனிவகை. அதற்குப் பதில் சாதாரண உராய்வுக் கீலைப் போட்டால் ஜன்னல் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆள் நுழைய இடமிருக்காது. வாடகை வீட்டில் ஜன்னல், வெளிக்கதவு ஆகியவற்றின் பழுது பொதுவாக வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்பதால், குடியிருப்பவர் எதையும் கழற்றும் முன் படத்தோடு எழுத்தில் தெரிவிப்பது வழக்கம்.